பசியை அடக்கும் மருந்தும் பகுத்தறிவும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்திரப்பட்டியிலிருந்து ஒரு தோழர் நமது தேவதானத்துக்கு வந்தார். பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்ப்பவர். நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவர். வந்தவர் திண்ணையில் உட்காரக்கூட இல்லை. "அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. பசியை அடக்கி உடம்பை இளைக்க வைக்கிற மருந்து நல்லதா, கெட்டதா? நீங்கள் சொல்லுகிறபடி செய்கிறேன்" என்றார்.

"நாம் சொல்லுகிறபடி செய்வதாயிருந்தால் நமது கூட்டத்துக்கு ஏன் வருகிறீர்கள்? குறி சொல்லுகிறவனிடம் போகலாமே" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சங்கதி என்னவென்று விசாரித்தோம். விசாரித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

தோழருக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு பெண். இரண்டு மாதத்துக்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள், "பெண் லட்சணந்தான், ஆனால் கொஞ்சம் பூசின உடம்பு. பத்துக் கிலோ இளைத்தால் மேற்கொண்டு பேசலாம்" என்று சொல்லிவிட்டு, வைத்த பலகாரத்தையும் மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். அன்று முதல் அந்த வீட்டில் வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. பாட்டி வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் விரதம் போட்டாள். அத்தை எங்கேயோ ஒரு மூலிகைப் பொடி வாங்கி வந்தாள். கூடப்பிறந்த பையனோ படித்தவன். அவனுக்கு விரதத்திலும் பொடியிலும் நம்பிக்கை இல்லை. ஆகவே அவன் டவுனில் ஒரு மருந்துக்கடையில், டாக்டர் சீட்டு ஒன்றுமில்லாமல், வாரத்துக்கு ஒரு தரம் போட்டுக்கொள்ளும் பேனா ஊசியை வாங்கி வந்து, யூட்டியூப்பைப் பார்த்துத் தானே தங்கைக்குப் போட்டும் விட்டான். மெதுவாக ஏற்ற வேண்டிய அளவை, சீக்கிரம் இளைக்கட்டும் என்று ஒரே தாவாகத் தாவி ஏற்றியிருக்கிறான். பெண் மூன்று நாளாக வாந்தி. தண்ணீர்கூடத் தங்கவில்லை.

"கேள்விக்குப் பதில் அப்புறம் சொல்லுகிறோம், முதலில் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள்" என்று அனுப்பினோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றி, ஊசியை நிறுத்தச் சொல்லி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பெண் இப்பொழுது சுகம். ஆனால் அந்தத் தோழருடைய கேள்வி நம்மிடமே இருக்கிறது. அது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. இன்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், ஏன், நமது தேவதானம் தேநீர்க் கடையிலும்கூட இதே பேச்சாகத்தான் இருக்கிறது. ஆதலால் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை எல்லாத் தோழர்களுக்குமாக இங்கு எழுதுகிறோம்.

முதலாவதாக, அந்தக் கேள்வியே தப்பு. கத்தி நல்லதா, கெட்டதா என்று யாராவது கேட்பார்களா? யார் கையில், எதற்காக, யாருடைய வயிற்றில் என்று கேட்டால்தானே பதில் சொல்ல முடியும்? சர்ஜன் கையில் உள்ள கத்தியும் சண்டைக்காரன் கையில் உள்ள கத்தியும் இரும்பினால்தான் செய்யப்பட்டிருக்கின்றன. பசியை அடக்கும் மருந்தின் சங்கதியும் இப்படியேதான்.

இந்த விஷயத்தில் நம் ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சியார், "பருமன் என்பது தின்னிகளுக்கு வருகிற தண்டனை, வாயைக் கட்டினால் தானாகப் போகும், அதற்கு மருந்து எதற்கு?" என்கிறார்கள். மற்றொரு கட்சியார், "இனிமேல் வாயைக் கட்டவே வேண்டாம், ஊசி வந்துவிட்டது, எத்தனை பரோட்டா வேண்டுமானாலும் தின்னலாம்" என்கிறார்கள். முதல் கட்சியார் உடம்பைப் பாவ புண்ணியக் கணக்கில் எழுதுகிறார்கள். இரண்டாவது கட்சியார் மருந்தை மந்திரமாக்கிவிட்டார்கள். இரண்டு பேரும் யோசிப்பதில்லை என்பதில் மாத்திரம் இருவருக்கும் ஒற்றுமை இருக்கிறது.

பசி என்பது என்ன என்று பார்ப்போம். பசி வயிற்றில் மட்டும் இருப்பதாக நினைப்பது சரியல்ல. குடலும், கொழுப்பும், கணையமும் அனுப்பும் சேதிகளை வாங்கிக்கொண்டு, இப்பொழுது தின்னலாம், இப்பொழுது போதும் என்று உத்தரவு போடுவது மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் ஒரு சிறு பகுதி. கொழுப்பிலிருந்து புறப்பட்டு "இருப்பு இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற சரக்கைக் கண்டுபிடித்தது 1994-ல். வயிற்றிலிருந்து புறப்பட்டுப் பசியைக் கிளப்பும் கிரெலின் என்பதைக் கண்டுபிடித்தது 1999-ல். இந்தச் சேதிப் போக்குவரத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பரம்பரையும், தூக்கக் குறைவும், தைராய்டுக் குறைவும், ஸ்டிராய்டு முதலிய சில மருந்துகளும் அதை மாற்றிவிடுகின்றன. ஆகவே, ஒருவன் பருத்திருப்பதைப் பார்த்து, "இவன் ஒழுக்கமில்லாதவன்" என்று சொல்லுவது, காய்ச்சல்காரனைப் பார்த்து "இவன் சூட்டுக்காரன்" என்று வைவதற்குத்தான் சமானம்.

சாப்பிட்டவுடன் நமது குடலே ஜி.எல்.பி-1 என்ற ஒரு சரக்கை விடுகிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினை விடச் செய்கிறது. வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மூளைக்குப் "போதும்" என்று சொல்லுகிறது. ஆனால் சில நிமிஷத்திலேயே அது கரைந்துபோய்விடும். இதைக் கரையாமல் நிற்கச் செய்ய வழி கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? ஒரு பல்லியிடமிருந்து. அமெரிக்காவின் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்று ஒரு விஷப் பல்லி இருக்கிறது. அதன் வாய்நீரை ஆராய்ந்த ஜான் எங் என்னும் டாக்டர், ஜி.எல்.பி-1-ஐப் போலவே வேலை செய்து, அதைவிட நெடுநேரம் நிற்கும் ஒரு பொருளை அதில் கண்டு 1992-ல் வெளியிட்டார். அதிலிருந்து பிறந்த எக்ஸினடைட் என்ற சர்க்கரை நோய் மருந்து 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே வழியில் பின்னால் வந்தவைதான் இப்பொழுது எல்லார் வாயிலும் அடிபடும் செமாகுளுடைடும் டிர்செபடைடும்.

தோழர்களே! நாமும் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பல்லியைக் கவனித்துத்தான் வருகிறோம். தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன், எந்தத் திசையில் கத்தினால் காரியம் ஜெயம் என்று பஞ்சாங்கம் நிறைய எழுதி வைத்திருக்கிறோம். பல்லியின் சத்தத்தைக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது சகுனம். பல்லியின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது மருந்து. யார் கவனித்தது உலகத்துக்கு உதவிற்று என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க, இந்த மருந்துகள் உண்மையில் என்ன செய்கின்றன? 2021-ல் வெளியான ஒரு பெரிய பரீட்சையில் 1,961 பேர் சேர்ந்தார்கள். செமாகுளுடைட் போட்டுக்கொண்டவர்கள் 68 வாரத்தில் தங்கள் எடையில் சராசரி நூற்றுக்குச் சுமார் 15 பங்கு குறைந்தார்கள். வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் குறைந்தது நூற்றுக்கு இரண்டரைப் பங்குகூட இல்லை. 2022-ல் வெளியான டிர்செபடைட் பரீட்சையில், உயர்ந்த அளவு போட்டவர்கள் 72 வாரத்தில் நூற்றுக்குச் சுமார் 21 பங்கு இளைத்தார்கள். 2023-ல் வெளியான மற்றொரு பரீட்சையில், இருதய நோயும் பருமனும் உள்ள 17,000-த்துக்கு மேற்பட்டவர்களில், செமாகுளுடைட் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆகவே இது வெறும் அழகுச் சாமான் அல்ல. தேவைப்பட்டவனுக்கு உயிரைக் காக்கும் ஔஷதம். இதை மறுப்பது பகுத்தறிவாகாது.

ஆனால் பாதிக் கதையைச் சொல்லி நிறுத்துவது புரோகிதர் வேலை. மீதிக் கதையையும் கேளுங்கள். முன் சொன்ன 2021-ம் வருஷப் பரீட்சையில் மருந்தை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபொழுது, ஒரு வருஷத்துக்குள் அவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ரத்தக் கொதிப்புக்காரன் மாத்திரையை நிறுத்தினால் கொதிப்பு திரும்புகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். கலியாணம் வரைக்கும் மூன்று மாதம் போட்டுக்கொண்டு நிறுத்திவிடலாம் என்பவர்கள் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் போதும்.

பசியை அடக்கும் மருந்துகளின் பூர்வ சரித்திரமும் நமக்குப் பாடமாயிருக்க வேண்டும். 1933-ல் அமெரிக்காவில் டைநைட்ரோபீனால் என்று ஒன்றை இளைக்கும் மருந்தாகக் கொண்டு வந்தார்கள். அது முதல் யுத்தத்தில் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் உபயோகமான சரக்கு. பக்கத்தில் சிவகாசியை வைத்துக்கொண்டிருக்கிற நமக்கு வெடிமருந்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. அது பசியை அடக்கவில்லை. உடம்பையே அடுப்பாக்கி எரித்தது. பலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. சிலர் உடம்பு சூடேறியே செத்தார்கள். 1938-ல் வந்த சட்டத்தோடு அது அங்கே ஒழிந்தது. பிறகு ஆம்பிட்டமின் வகைகள் வந்தன. பசி அடங்கிற்று, ஆனால் தூக்கமும் போயிற்று, பழக்க அடிமைத்தனமும் வந்தது. 1990-களில் பென்புளூரமின், பென்டெர்மின் என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவியது. 1997-ல், அப்படிச் சாப்பிட்ட 24 பெண்களுக்கு இருதய வால்வுகள் கெட்டிருப்பதை டாக்டர்கள் வெளியிட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் பென்புளூரமின் கடைகளிலிருந்து வாபஸ் வாங்கப்பட்டது. சிபுட்ரமின் என்ற மாத்திரை நம் நாட்டிலும் விற்றது. சுமார் 10,000 பேரிடம் நடந்த பரீட்சையில் அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகப்படுத்துவது தெரியவே, 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்டு, 2011-ல் இந்திய சர்க்காரும் தடை செய்தார்கள். மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் உண்டாக்கிய ரிமோனபன்ட் அதற்கு முன்பே, 2009-ல், இங்கே தடைப்பட்டது.

இதைப் படித்துவிட்டுச் சிலர், "பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானத்தின் யோக்கியதை!" என்று கேட்கலாம். ஆம், பார்த்தோம். தன் தப்பைத் தானே கண்டுபிடித்து, தானே வெளியிட்டு, தானே வாபஸ் வாங்கிக்கொள்வதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை. இத்தனை ஆயிரம் வருஷத்தில் எந்தச் சாஸ்திரமாவது, எந்த விரதமாவது, "இதனால் ஜனங்களுக்குக் கெடுதி உண்டாயிற்று, இன்று முதல் வாபஸ்" என்று சொல்லியிருக்கிறதா? ஆனால் இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. டாக்டர் சொல்லும் வேதவாக்கு அல்ல. நேற்று நல்லது என்று எழுதிக் கொடுத்ததை இன்று கூடாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் டாக்டரிடம் போவது கும்பிடுவதற்கல்ல, கேள்வி கேட்பதற்கு.

இனி, இந்த மருந்து யாருக்கு என்பதைப் பார்ப்போம். கணக்கு சுலபம். உங்கள் எடையைக் கிலோவில் எழுதுங்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்குங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது உடல் எடைக் குறியீடு. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனால் எடை அதிகம், 25-க்கு மேல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 80-க்கும் மேற்பட்டால் அதுவும் எச்சரிக்கை. மருந்து வேண்டுமானால், உலக வழக்கில் குறியீடு 30 இருக்க வேண்டும், அல்லது 27-ம் அதனோடு சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற நோயும் இருக்க வேண்டும். இந்திய டாக்டர்கள் கூடி எடுத்து 2009-ல் வெளியிட்ட முடிவின்படி நமக்கு 27, நோயிருந்தால் 25. அதுவும் சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் திருத்திப் பார்த்த பிறகுதான்.

சத்திரப்பட்டித் தோழரின் பெண் ஐந்தடி மூன்று அங்குலம். அதாவது 160 சென்டிமீட்டர். எடை 61 கிலோ. வகுத்துப் பார்த்தால் குறியீடு 23.8. அந்த உயரத்துக்கு 23 என்ற வரம்பு சுமார் 59 கிலோ. ஆக, அந்தப் பெண் வரம்பைத் தாண்டியிருந்தது இரண்டே கிலோ! மருந்துக்கு யோக்கியமாக வேண்டுமானால் அவள் 69 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். இரண்டு கிலோ சங்கதிக்கு மூன்று நாள் வாந்தியும், இரண்டு நாள் ஆஸ்பத்திரியும்! படித்த பையனாயிருந்தும், இந்த நாலாம் வகுப்புக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லையே!

கணக்குப்படி மருந்து தேவையானவர்கள் அதைப் பத்திரமாக உபயோகிப்பது எப்படி என்பதற்குச் சில விஷயங்கள் சொல்லுகிறோம். இவற்றைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

1. பதிவு பெற்ற டாக்டர் நேரில் பார்த்துச் சீட்டு எழுத வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றைப் பரிசோதித்த பிறகே ஆரம்பிக்க வேண்டும். வேறொருவர் சீட்டில் நீங்கள் வாங்குவது, வேறொருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவதைவிட ஆபத்து.

2. டாக்டரிடம் ஒன்றையும் ஒளிக்கக்கூடாது. உங்களுக்கோ குடும்பத்திலோ தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் இருந்தால் இந்த ஊசிகள் கூடாது. கணைய வீக்கம், பித்தப்பைக் கல், சர்க்கரையால் வந்த கண் நோய், மனச்சோர்வு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

3. சாப்பிட்டு வரும் மற்ற மருந்துகளையெல்லாம் காட்ட வேண்டும். சர்க்கரைக்காகக் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, இதையும் சேர்த்தால் சர்க்கரை கீழே விழுந்து மயக்கம் வரலாம். அளவைக் குறைப்பது டாக்டர் வேலை.

4. அளவை அவசரப்பட்டு ஏற்றக்கூடாது. செமாகுளுடைட் வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து, நாலு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றுவது முறை. படியைத் தாவினவர்கள் வாந்தியில் விழுவார்கள்.

5. குமட்டலும் மலச்சிக்கலும் ஆரம்பத்தில் சகஜம். ஆனால் முதுகு வரை பாயும் கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மஞ்சள் காமாலை, கண் மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்பது கூடாது.

6. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. குழந்தை வேண்டுமென்று நினைப்பவர்கள் செமாகுளுடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கர்ப்பத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும். ஆதலால் ஆரம்பித்த நாலு வாரத்துக்கும், அளவு ஏற்றும் ஒவ்வொரு தரமும் நாலு வாரத்துக்கும் வேறு தடை வேண்டும். கலியாணத்துக்காக ஊசி போடும் குடும்பங்கள் இதைப் படித்தீர்களா?

7. பசி இல்லையென்று பட்டினி கிடக்கக்கூடாது. எடை குறையும்பொழுது கொழுப்போடு தசையும் கரைகிறது. பயறு, சுண்டல், முட்டை, மீன், பால் ஆகியவை தினம் வேண்டும், தண்ணீர் வேண்டும், தசைக்கு வேலை வேண்டும்.

8. ஊசியைப் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. நமது பக்கத்துச் சித்திரை வெயிலில் பஸ்ஸில் பையில் கட்டிக்கொண்டு வந்த மருந்தின் வீரியத்துக்கு யார் ஜவாப்தாரி? ஆபரேஷன் எதுவானாலும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு இந்த ஊசி போடுவதை முன்னாலேயே தெரிவிக்க வேண்டும்.

விலை சங்கதியும் உண்டு. டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபொழுது ஐந்து மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒன்று வீதம் மாதத்துக்கு 17,500 ரூபாய். தறி ஓட்டும் ஒரு தோழர் எங்கே போவார்? செமாகுளுடைட் மீதான காப்புரிமைக் காலம் இங்கே 2026 மார்ச்சு வரைதான். காப்புரிமை தீர்ந்து பல கம்பெனிகள் தயாரித்து விலை இறங்குவதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். நல்ல மருந்து பணக்காரன் சொத்தாக இருக்கக்கூடாது. ஆனால் விலை இறங்க இறங்கச் சீட்டில்லாத வியாபாரமும், போலிச் சரக்கும் ஏறும். போலி செமாகுளுடைட் பல தேசங்களில் பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024-லேயே எச்சரிக்கை விட்டிருக்கிறது.

இனி நாட்டு மருந்து, மூலிகைப் பொடி என்பவர்களின் பங்கு. "இதில் இங்கிலீஷ் மருந்து கலப்பே இல்லை, பக்க விளைவே இல்லை" என்பார்கள். ஆனால் மூலிகை என்று உலகமெங்கும் விற்ற இளைக்கும் சரக்குகளைப் பரிசோதித்தபொழுது, அநேகத்தில் தடை செய்யப்பட்ட அந்தச் சிபுட்ரமினையே பொடித்துக் கலந்திருப்பது அகப்பட்டது! 2026 ஜனவரியில் நமது மதுரையில், கொழுப்பு கரையும் என்று யூட்டியூப்பில் சொன்னதைக் கேட்டு, வெங்காரத்தை வாங்கிச் சாப்பிட்ட 19 வயதுக் கல்லூரிப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். இந்த அநியாயத்துக்கு என்ன சமாதானம் சொல்வது?

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1954-ம் வருஷத்திய மருந்துகள், மாய வைத்தியங்கள் விளம்பரத் தடைச் சட்டம் என்று ஒன்று உண்டு. இன்னின்ன நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்ற அதன் பட்டியலில் உடற்பருமனும் சேர்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் பஸ் ஸ்டாண்டு சுவரிலும் கைப்பேசியிலும் "முப்பதே நாளில் இளைக்கலாம்" என்று விளம்பரம் கண்ணைப் பறிக்கிறது. சட்டம் ஏட்டில் தூங்குகிறது. பொடி வியாபாரி விழித்துக்கொண்டிருக்கிறான்.

நமது ஊர்க் கோயிலுக்கு நச்சாடை தவிர்த்தவர் கோயில் என்று பெயர். சோழன் ஒருவன் பாண்டியனுக்கு விஷம் தோய்ந்த ஆடையைப் பரிசாக அனுப்பினானாம்; சுவாமி அதைத் தவிர்த்துப் பாண்டியனைக் காப்பாற்றினாராம். கதை அப்படியே இருக்கட்டும். இப்பொழுது நமது வீட்டுப் பெண்களுக்கு நச்சாடை அழகான டப்பாவிலும், மூலிகைப் படம் போட்ட பொட்டலத்திலும் வருகிறது. இதைத் தவிர்க்க எந்தச் சுவாமியும் கர்ப்பக்கிரகத்தை விட்டு வெளியே வரவில்லை. டப்பாவில் உள்ள எழுத்தைப் படிக்கிற நமது கண்ணும், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிற நமது வாயுந்தான் தவிர்க்க வேண்டும்.

விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் எடை அதிகம். ஆண்களில் நூற்றுக்கு 37 பேர். அதே கணக்கில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. உடம்பு பெருத்திருப்பதும் ரத்தம் குறைந்திருப்பதும் ஒரே வீட்டில், ஒரே உடம்பில் இருக்கின்றன. ஏன்? தட்டில் சோறு மலை. பயறும் முட்டையும் கடுகு. அந்தப் பெண்ணை வாரத்துக்கு இரண்டு நாள் பட்டினி போட்டு, மூன்றாம் நாள் சர்க்கரைப் பொங்கலும் வடையும் கொடுத்தால் கொழுப்பு போகாது. இருக்கிற ரத்தந்தான் போகும்.

கடைசியாக, இந்த விஷயத்தில் மருந்தைவிடப் பெரிய விஷம் ஒன்று இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் பத்துக் கிலோவைக் கணக்குப் போட்டார்களே, மாப்பிள்ளையின் இடுப்பை யாராவது அளந்தார்களா? அவருக்குச் சட்டைப் பொத்தான் வயிற்றில் நிற்பதில்லை என்று அந்தத் தோழரே நம்மிடம் சொன்னார். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவிலும் வளர்ந்த தொந்திக்கு அந்தஸ்து என்று பெயர். பெண் இரண்டு கிலோ ஏறினால் அதற்குக் குறை என்று பெயர். இது என்ன நியாயம்? மாரடைப்பு வரும்பொழுது ஆண், பெண் என்று பார்த்தா வருகிறது? உடம்பை இளைக்கச் செய்வது உயிருக்காக இருந்தால் அது வைத்தியம். ஊராருடைய கண்ணுக்காக இருந்தால் அது அடிமைத்தனம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல மனுஷியின் எடையைப் பார்ப்பவர்களுக்கு, பெண்ணைப் பெற்றவர்கள் காபி கொடுத்து அனுப்பலாம். பெண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை.

தோழருக்கு நாம் சொன்ன பதில் இதுதான். மருந்து நல்லது, தேவையானவனுக்கு. தேவையா என்பதைத் தராசும் அளவுகோலும் ரத்தப் பரிசோதனையும் சொல்லட்டும், டாக்டர் எழுதட்டும், நீங்கள் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். டாக்டரிடம் போகப் பணமில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. 2022 முதல் விருதுநகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நம் வரிப்பணத்தில் நடப்பவை அவை. போய் உட்கார்ந்து, கூச்சமின்றிக் கேளுங்கள்.

தோழர் போகும்பொழுது, "அண்ணாச்சி, நாடு முழுக்கக் காயத்துக்குக் கட்டுகிற துணியை நாங்கள் நெய்கிறோம், எங்கள் வீட்டில் காயம் வராமல் பார்க்கத் தெரியவில்லையே" என்றார். தெரிந்துகொள்ளலாம், தோழரே, தெரியாதது குற்றமல்ல, கேட்காததுதான் குற்றம். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். இதைப் படிப்பவர்களும், யாரோ ஒருவர் நீட்டுகிற ஊசியையோ பொடியையோ தொடுவதற்கு முன்னால், அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டுமென்பதே நமது ஆசை.